மூன்றாம் தளத்துப் பெண்: பழைய ஆலையில் ஓர் இணையக் கேமரா

ஆலையின் பெயரையும் ஊரையும் வெளியிடக் கூடாது என்பது உரிமையாளர் போட்ட ஒரே நிபந்தனை. அதனால் அவை இங்கே இல்லை.

பூட்டிக் கிடக்கும் பழைய மாவு ஆலை அது. கருங்கல் சுவர், மரத்தளம், வார்ப்பிரும்புத் தூண்கள். கீழே நின்றுபோன நீர்ச்சக்கரம். மேலே, ஒரு காலத்தில் தளத்துக்குத் தளம் விசையைக் கொண்டுபோன தண்டும் பட்டைச் சக்கரங்களும். வெண்கலத் தாங்கிகளை யாரோ கழற்றிக்கொண்டு போனதால் மூன்றாம் தளத்தில் ஒரு கேமரா வைத்தார்கள். நாலு பேர் கண் இருந்தால் திருடன் வரமாட்டான் என்ற கணக்கில் படத்தை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். திருடன் வரவில்லை. ஆனால் தளத்தின் கோடியில், தூணருகே, வெள்ளையாக ஒரு பெண் நிற்பதை யாரோ ஒருவர் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் ராத்திரி முழுக்கக் கண் விழித்து அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருப்பதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

என்னை அழைத்தபோது உரிமையாளருக்குப் பேயைப் பற்றிக் கவலை இல்லை. உள்ளே ஆள் நுழைகிறார்களா என்பதுதான் அவர் கேள்வி. மாடியில் உளுத்த பலகைகள் உண்டு. சாகசத்துக்கு ஏறிய எவனாவது கால் உடைத்துக்கொண்டால் வழக்கு அவர் தலையில்தான் விழும். நியாயமான பயம். ஆக, ஆய்வின் முதல் கேள்வி: படத்தில் தெரிவது ஆளா, இல்லையா? ஆள் இல்லை என்றால் பிறகு அது என்ன?

கேமரா

சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் வகை. பகலில் வண்ணப் படம், இரவில் தன் அகச்சிவப்பு விளக்குகளைப் போட்டுக்கொண்டு கறுப்பு வெள்ளை. விளக்குகள் 850 நானோமீட்டர் வகை. மனிதக் கண்ணுக்கு இருட்டில் மங்கலான சிவப்புப் புள்ளிகளாக மட்டும் தெரியும். கேமராவுக்கோ அதுதான் பகல். ஆனால் இந்தப் பகல் வெகுதூரம் போகாது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். கேமராவுக்கு அருகிலுள்ள மூட்டைச் சரிவும் மரப்பெட்டியும் பளிச்சென்று வெளுத்துக் கிடக்க, கோடியிலுள்ள தூண்கள் சாம்பல் நிற இருட்டில் நின்றன. பெண் தெரிந்ததும் அங்கேதான்.

இருட்டைச் சமாளிக்கக் கேமரா இன்னும் இரண்டு காரியம் செய்கிறது. ஒளியைச் சேர்க்க ஒவ்வொரு சட்டத்துக்கும், அதாவது ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. நகரும் எதுவும் அதனால் கரைந்து, பின்னால் இருப்பது ஊடே தெரியும்படி பதிவாகிறது. அடுத்து, புள்ளிப் புள்ளியாக வரும் இரைச்சலைக் குறைக்க, முந்தைய சட்டங்களோடு சராசரி எடுத்துக் கலக்கிறது. நகர்ந்துபோன ஒன்றின் சாயல், அது போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே தங்குகிறது. ஊடே தெரிவது, மெல்ல மறைவது என்று கதைகளில் ஆவிக்குச் சொல்லும் இரண்டு லட்சணங்களையும் இந்தப் பெட்டி எந்தப் பொருளுக்கும் இலவசமாகக் கொடுத்துவிடும்.

மூன்றாவது விஷயம்தான் முக்கியம். பொதுமக்களுக்குப் போனது ஓடும் படம் அல்ல. அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் ஒற்றைப் படம். அசல் ஓட்டம் கேமராவுக்குள் இருந்த நினைவட்டையில் பதிவாகி, இடம் நிறைந்ததும் பழையது அழிந்து புதியது ஏறும். பார்ப்பவர் கையில் இருந்தது முப்பது வினாடிக்கு ஒரு கீற்று. நடுவில் என்ன நடந்தது என்பதை அவரவர் மனமே நிரப்பிக்கொண்டது.

முன்பு காவல் இருந்தவர்கள்

ஆலையில் பேய்க்குக் காவல் இருப்பது புதிதல்ல. இங்கிலாந்தில் நியூகாசலுக்குப் பக்கத்தில் வில்லிங்டன் ஆலை என்று ஒன்று. ஆலையை ஒட்டிய வீட்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜோசப் பிராக்டர் குடும்பத்தோடு இருந்தார். வீட்டில் நடந்ததையெல்லாம் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். 1840 ஜூலை 3 இரவு, எட்வர்ட் டிரூரி என்ற மருத்துவர் ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு அங்கே காவல் இருந்தார். நேரத்தைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தபோது மணி ஒன்றடிக்கப் பத்து நிமிடம். அலமாரிக் கதவு திறந்தது. சாம்பல் நிற உடையில் ஒரு பெண் தலை குனிந்து, மார்பில் ஒரு கையை அழுத்தியபடி வெளியே வந்தாள் என்று பிறகு கடிதம் எழுதினார். நண்பர் அப்போது கண்ணயர்ந்திருந்தார்.

அந்தக் கடிதத்தை எத்தனை முறை புரட்டினாலும் மேலே ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. ஒரு ஆள், ஒரு நொடி, உறங்கிய சாட்சி. எனக்கு அதில் பிடித்தது ஒன்றே ஒன்று: மனிதர் மணியைக் குறித்திருக்கிறார்.

1937இல் ஹாரி பிரைஸ் என்ற பேய் ஆராய்ச்சியாளர், பேய் இருப்பதாகப் பேசப்பட்ட போர்லி ரெக்டரி என்ற வீட்டை ஓராண்டு குத்தகைக்கு எடுத்து, லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, 48 பேரைக் காவலுக்குச் சேர்த்தார். எதைப் பார்க்க வேண்டும், எப்படிக் குறிக்க வேண்டும் என்று அச்சடித்த கையேடு வேறு. என்னென்ன தெரியக்கூடும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் என்ன தெரியும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. 1999இல் அமெரிக்காவின் எவன்ஸ்வில் நகர வில்லர்ட் நூலகத்தில் உள்ளூர்ச் செய்தித்தாள் இணையக் கேமரா வைத்து, அங்கே உலவுவதாகச் சொல்லப்படும் சாம்பல் நிறப் பெண்ணைத் தேடும் வேலையை உலகத்துக்கே திறந்துவிட்டது. டிரூரிக்கு ஒரு ஜோடிக் கண், பிரைஸுக்கு 48 ஜோடிக் கண்கள், இங்கே கணக்கே கிடையாது. ஆனால் கேமரா கொண்டுவந்த பெரிய மாற்றம் கண்களின் எண்ணிக்கை அல்ல. எல்லோரும் பார்த்தது ஒரே சட்டம், அதன் மூலையில் ஒரு நேர முத்திரை. டிரூரியின் நண்பர் உறங்கியிருந்தாலும் காலையில் எழுந்து எடுத்துப் பார்க்கலாம்.

வந்த தகவல்கள்

உரிமையாளருக்கு வந்திருந்த படங்கள் ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதிரி. திரையைப் பிடித்த படம், அதைப் பெரிதாக்கி, ஒளியைக் கூட்டி, சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருப்பார்கள். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் தெளிவாகிறது என்பது அனுப்பியவர்களின் நம்பிக்கை. அங்கே தெளிவாவது சுருக்கத்தின் கட்டங்கள். இணையத்தில் அனுப்ப ஏதுவாக, படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கண்ணுக்குப் புலப்படாது என்று கணித்த விவரம் தூக்கி எறியப்பட்டுத்தான் வருகிறது. எறிந்ததைப் பெரிதாக்கித் திரும்பக் கொண்டுவர முடியாது. இரண்டு இருண்ட கட்டம் கண்ணாகும், ஒன்று வாயாகும், மீதியை மூளை பார்த்துக்கொள்ளும்.

ஆகவே சிவப்பு வட்டங்களை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு தகவலிலிருந்தும் நேரத்தை மட்டும் எடுத்து அட்டவணை போட்டேன். படத்தை உற்றுப் பார்ப்பதைவிட நேரத்தை வரிசைப்படுத்துவது சலிப்பான வேலை. ஆனால் இந்த வழக்கில் அவிழ்ந்த முடிச்சு ஒவ்வொன்றும் அந்த அட்டவணையில்தான் அவிழ்ந்தது.

சீக்கிரம் கழிந்தவை

ஒளி உருண்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு வில்லைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், கண்ணாடிக்குச் சில விரற்கடை தூரத்தில் மிதக்கும் துகளும் பிரகாசமாக ஒளியைத் திருப்பி அடிக்கும். குவியம் தூரத்தில் இருப்பதால் அது வட்டமாக ஊதித் தெரியும். பழைய மாவு ஆலையில் தூசிக்குப் பஞ்சமா? மரத்தின் இடுக்குகளில் இன்னும் மாவு படிந்திருக்கிறது. அதை நம்பி வாழும் அந்துப்பூச்சிகளும் இருக்கின்றன. இரவில் காற்று வீசிய மணிகளில் உருண்டைகள் பெருகின. திரையின் குறுக்கே இறங்கிய 'வெள்ளைக் கை' ஒரு சிலந்தியின் கால். விளக்கின் கதகதப்புக்கும் அங்கே மொய்க்கும் பூச்சிக்கும் சிலந்தி வருவது கேமரா பொருத்துகிறவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன தொல்லை.

கதவு தட்டும் சத்தம் கொஞ்சம் சுவாரசியம். கேமராவில் ஒலிவாங்கி உண்டு; படம் ஒற்றையாகப் போனாலும் அதன் ஒலி பார்ப்பவர்களுக்குத் தொடர்ந்து கேட்டது. தினமும் அந்தி சாயும் நேரத்தில் ஒரு 'டக்', விடியலில் இன்னொன்று. அந்திப் பூசைக்கும் விடியலுக்கும் ஆவி கணக்கு வைத்திருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். கணக்கு வைத்திருந்தது கேமராதான். பகலில் வண்ணம் சரியாக வர, படத்தைப் பதியும் உணரியின் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் மெல்லிய கண்ணாடி ஒன்று நிற்கும். இருட்டியதும் ஒரு சின்ன விசை அதைத் தள்ளி ஒதுக்கும். விடிந்ததும் மறுபடி இழுத்து வைக்கும். அந்த உலோகத் தட்டல் ஒலிவாங்கிக்கு இரண்டு விரல் தள்ளி நடக்கிறது, கதவை இடித்தது போலத்தான் கேட்கும். மேகமூட்டமான அந்திகளில் இருட்டா வெளிச்சமா என்று கேமரா தீர்மானிக்க முடியாமல் இப்படியும் அப்படியும் மாற்றும். அந்த நாட்களில் 'டக், டக், டக்' என்று மூன்று நான்கு தட்டல். ஒவ்வொரு தட்டலோடும் படம் வண்ணத்துக்கும் கறுப்பு வெள்ளைக்கும் மாறியதை நினைவட்டையில் பொருத்திப் பார்த்தபோது அந்த வரிகள் மொத்தமாக அட்டவணையிலிருந்து போயின.

பறந்துபோன வெள்ளைத் துணி என்று சில படங்கள். உத்தரத்துக்கு நேர் கீழே தரையில் கட்டைவிரல் அளவு சாம்பல் உருண்டைகள் கிடந்தன. குச்சியால் உடைத்தால் உள்ளே எலி முடி, நூல் போன்ற எலும்புகள், முழுசாக ஒரு சுண்டெலியின் தாடை. கூகை விழுங்கியதில் செரிக்காததைக் கக்கிய உருண்டை. வெளுத்த அடிவயிறும் சத்தமே வராத சிறகும் கொண்ட பறவை, மெதுவான சட்டத்தில் சிறகை விரித்தால் வேறு எப்படித் தெரியும்? காவலாளியிடம் கேட்டேன். “ராத்திரி இங்க இருந்தா எலியும் கூகையும்தான் சார் தெரியும். அந்தப் பொம்பள நெட்டுல பாக்கறவங்களுக்குத்தான் தெரியுது” என்றார். அவர் கிண்டலாகச் சொன்னதில் பாதி உண்மை இருந்தது பின்னால் தெரிந்தது.

காதுக்குக் கேட்காத தாழ் ஒலிதான் காரணம் என்று ஒருவர் விரிவாக எழுதியிருந்தார். 1998இல் விக் டாண்டி என்ற பொறியாளர், ஆய்வகத்தில் தன் ஓரக்கண்ணில் தெரிந்த சாம்பல் உருவத்தை, ஒரு மின்விசிறி எழுப்பிய ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸ் ஒலி அலையோடு தொடர்புபடுத்தியது உண்மை. ஆனால் அது அறைக்குள் இருந்தவருக்கு நடந்தது. மடிக்கணினியின் ஒலிபெருக்கி அந்தத் தாழ் ஒலியை எழுப்பவே எழுப்பாது. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்த விளக்கம் செல்லாது.

ஒரே உருவம், மூன்று மணி

இனி பெண். ஒரே இரவில் அவள் மூன்று தடவை வந்ததாகத் தகவல்கள். மூன்றும் வெவ்வேறு மணி, மூன்றையும் அனுப்பியவர்கள் வெவ்வேறு ஆட்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். தனித்தனிச் சாட்சிகள் என்றால் வலுவான வழக்குதானே?

மூன்று படங்களையும் அருகருகே வைத்தபோது, மூட்டைச் சரிவின் மேல் இருந்த அந்துப்பூச்சி மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. மூலை முத்திரையும் ஒன்றே. அனுப்பியவர்கள் குறித்திருந்தது அவரவர் நாட்டுக் கடிகாரத்தை. ஒருவர் இன்னும் மோசம்: அவருடைய உலாவி சேமித்து வைத்திருந்த பழைய படத்தையே புதிது போலக் காட்ட, மூன்று மணிச் சட்டத்தை நாலரை மணிக்குப் பார்த்துவிட்டு நாலரை என்று எழுதியிருந்தார். எல்லாவற்றையும் மூலை முத்திரைக்கு மாற்றியதும் அட்டவணை பாதியாகச் சுருங்கியது. அந்த முத்திரையும் சரியில்லை. கேமராவின் கடிகாரம் யாரும் சரிசெய்யாததால் பல நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதையும் திருத்திய பிறகு கையில் மிஞ்சியது சில இரவுகள், சில மணிகள்.

ஐம்பது நிமிடம்

மிஞ்சிய வரிகள் அடுத்தடுத்த இரவுகளாகக் கொத்தாக இருந்தன. முதல் இரவில் ஏறக்குறைய இரண்டே கால். மறுநாள் மூன்று மணிக்குச் சற்றுப் பின். அதற்கடுத்த நாள் நாலை நெருங்கி. அப்புறம் வாரக்கணக்கில் ஒன்றும் இல்லை. பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு கொத்து.

ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாமதமாக வரும் பெண்ணை எல்லோருக்கும் தெரியும். நிலா தன் சுற்றில் நாளுக்கு நாள் முன்னேறிவிடுவதால், அதே திசைக்கு அது திரும்பி வரச் சராசரியாக அவ்வளவு நேரம் பிந்தும். கொத்துகளின் தேதிகளைப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்தேன்: எல்லாம் பௌர்ணமியை ஒட்டியவை. பேய்க்கும் பௌர்ணமிக்கும் உள்ள உறவு ஊரறிந்தது என்பதால், இதைச் சொன்னதும் அந்தக் கூட்டத்தில் சிலர் “பார்த்தீர்களா!” என்றுதான் குதித்தார்கள். ஆனால் பௌர்ணமியை விரும்பும் ஆவிக்கு நாளுக்கு ஐம்பது நிமிடம் தாமதிக்கக் காரணம் எதுவும் இல்லை. சன்னல் வழியாக வரும் வெளிச்சத்துக்கு உண்டு.

தூணுக்கு எதிரே மேற்குப் பார்த்த ஒரு சன்னல் இருக்கிறது, கேமராவின் பார்வைக்கு வெளியே. தடித்த கல் சுவரில் ஆழமாகப் பதிந்தது. வானத்தின் ஒரு துண்டு மட்டுமே அதன் வழியே உள்ளே எட்டும். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எட்டுக் கண்ணாடிகளில் மேலே ஒன்று உடைந்து, அதன் இடத்தில் தகரம் ஆணியடித்திருந்தது. தகரத்தின் நடுவில், எப்போதோ ஏதோ குழாய் போன வழியாக, கையகல ஓட்டை. விளிம்பு துருப்பிடித்துச் சுருண்டிருந்தது. அதன் கீழே இரண்டு கண்ணாடிகள் துடைத்தது போல் சுத்தம். அதற்கும் கீழே இருந்தவற்றில் பல வருடத்து மாவும் ஈரமும் சேர்ந்து இறுகி, வெளிச்சத்தை அரைகுறையாக விட்டன.

நிலா அந்தத் துண்டு வானத்துக்குள் இறங்கும்போது ஓட்டை வழியே ஒரு வட்டம், கண்ணாடி வழியே ஒரு நீள்சதுரம், அதற்குக் கீழே மங்கிக்கொண்டே போகும் ஒரு பட்டை தூணின் மேல் விழும். நிலா வானத்தில் அரைப் பாகை அகலம் கொண்டது என்பதால் ஓட்டையின் விளிம்பு தூணை எட்டுவதற்குள் பத்துச் சென்டிமீட்டர் அளவுக்குக் கரைந்து மெத்தென்றாகிவிடுகிறது. கையகல ஓட்டை, தலையளவு வட்டமாகிறது. தலை, உடம்பு, கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பேய்க்குக் கால் பாவாது என்பார்களே, அந்தப் பெருமை அழுக்குக் கண்ணாடிக்குச் சேர வேண்டியது. கேமராவின் சொந்த விளக்கு கோடித் தூணை எட்டாததால்தான் இத்தனை மங்கலான நிலவொளியும் அங்கே எடுபட்டது. மேகம் கடந்தால் பெண் மறைவாள், விலகினால் திரும்புவாள். நிலா மேற்கே சரியச் சரிய உருவம் தூணில் மெல்ல ஏறி, விளிம்பைத் தாண்டி நழுவும். அரை நிமிடத்துக்கு ஒரு படம் என்ற வேகத்தில் பார்ப்பவருக்கு அது நிற்பதாகவே தெரியும். ஆனால் சற்றுக் கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பினால் இடம் மாறியிருப்பாள்.

இரண்டு மூன்று இரவோடு நின்றுவிடுவதற்கும் காரணம் உண்டு. நிலா ஒவ்வொரு நாளும் வடக்கிலோ தெற்கிலோ சில பாகை ஒதுங்கிக்கொண்டே இருக்கும். குறுகிய சன்னலின் பார்வையிலிருந்து சீக்கிரமே வெளியே போய்விடும். அந்த வடக்கு தெற்கு ஆட்டத்தின் சுற்று 27.3 நாள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29.5 நாள். இரண்டும் ஒத்துப்போகாததால், அடுத்த மாதம் அவள் அதே உயரத்தில் நிற்கமாட்டாள். சில மாதங்களில் தூணைத் தொடவே மாட்டாள். தகவல்களில் 'இம்முறை குனிந்திருந்தாள்', 'உயரமாக இருந்தாள்' என்று வந்தவை இந்த வித்தியாசம்தான்.

விளக்கம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. முன்கூட்டியே சொல்லிப் பார்க்க வேண்டும். அடுத்த பௌர்ணமிக்கு அவள் வர வேண்டிய நேரங்களைக் கணக்கிட்டு உரிமையாளரிடம் எழுதிக் கொடுத்தேன். முதல் இரவு மேகம். இரண்டாம் இரவில், குறித்த நேரத்துக்குச் சில நிமிடம் முன்பின்னாக, தூணில் வெளிச்சம் ஏறியது. உள்ளே ஆள் நுழையவில்லை என்று அப்போதே உரிமையாளர் நிம்மதியானார். அவரைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது.

சன்னலை அடைத்த பிறகு

எனக்கு முடியவில்லை. தகர ஓட்டையையும் சுத்தமான இரண்டு கண்ணாடிகளையும் கறுப்பு அட்டையால் அடைக்கச் சொன்னேன். யாருக்கும் அறிவிக்கவில்லை. அடுத்த பௌர்ணமியில், வானம் தெளிந்திருந்தும், நினைவட்டையில் தூண் இருட்டாகவே இருந்தது. தகவல்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. தூணருகே வெள்ளையாக, தலை குனிந்து, பெண்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பழமொழி இங்கே பொருந்தவில்லை. இவர்கள் அரண்டவர்கள் இல்லை. வீட்டில், விளக்கடியில், தேநீர் குடித்துக்கொண்டு பார்த்தவர்கள். அவர்களைப் பிடித்தது பயம் அல்ல, சலிப்பு. நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளர் 1948இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ரேடார் திரையைக் காவல் பார்ப்பவர்கள் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்று அறிய, ஒரு முள் சீராக நகரும் முகப்பை இரண்டு மணி நேரம் பார்க்க வைத்து, எப்போதாவது அது இரட்டிப்பாகத் தாண்டுவதைச் சொல்லச் சொன்னார். முதல் அரை மணிக்குள்ளேயே கவனம் சரிந்துவிட்டது. நிதானமாகப் பார்த்தவர்கள்கூட உண்மையில் நடந்ததைத் தவறவிட்டார்கள். பேய்க்குக் காவல் இருப்பவர் பார்ப்பது முள்ளைவிட அசையாத ஒன்றை, மணிக்கணக்காக.

இன்னொரு சோதனை இந்த வழக்குக்கு இன்னும் நெருக்கம். இருட்டறையில் அசையாத ஒரு ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நகர்வதாகத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றும். 1935இல் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் அது எவ்வளவு நகர்ந்தது என்று ஆட்களைக் கேட்டார். தனியாக இருந்தபோது ஒவ்வொருவரும் ஒரு அளவு சொன்னார்கள். குழுவாக உட்கார வைத்து உரக்கச் சொல்ல வைத்ததும் அளவுகள் நெருங்கி ஒன்றாயின. பிறகு தனியாகக் கேட்டபோதும் குழுவின் அளவையே சொன்னார்கள். புள்ளி ஒரு மயிரிழையும் நகரவில்லை.

அட்டை அடைத்த இரவுகளின் தகவல்களை அட்டவணையில் போட்டேன். நிலாவின் ஐம்பது நிமிடம் இப்போது இல்லை. அதற்குப் பதில் வேறொரு ஒழுங்கு: மணிக்கணக்கில் அமைதி, பிறகு ஒருவர் “தெரிகிறது” என்று மற்றவர்களுக்குச் சொல்வார், அடுத்த சில நிமிடங்களில் மூன்று நான்கு பேருக்குத் தெரியும், பிறகு ஓயும். முதல் ஆளின் மணி எந்த ஒழுங்குக்கும் உட்படவில்லை; அவரைத் தொடர்ந்தவர்களின் மணி அவரையே ஒட்டியது. அவர்கள் அனுப்பிய படங்களிலும் தூணருகே இருந்தது உணரியின் இரைச்சல் மட்டும். ஆனால் ஒவ்வொருவரும் போட்ட சிவப்பு வட்டம் தூணின் அதே பக்கத்தில், அதே உயரத்தில் இருந்தது. பழைய மாதங்களில் நிலவொளி விழுந்து விழுந்து பழக்கிய இடம். ஆரம்பத்தில் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை, அங்கே ஒன்று இருந்தது. பின்னால் வந்தவர்களும் பொய் சொல்லவில்லை. எங்கே பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. என் பார்வையில் இந்த வழக்கின் கனமான பகுதி இதுதான். நிலவைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தியிருந்தால், எல்லா மாதத்துத் தகவல்களையும் நிலவின் கணக்கிலேயே எழுதியிருப்போம். அது தவறான கணக்கு.

மிச்சம்

ஒரு வரி பாக்கி இருக்கிறது. தூணில் சாய்த்து வைத்திருந்த பழைய மரச் சுளகு, ஒரு படத்தில் நின்றபடியும் அடுத்த படத்தில் தரையில் கிடந்தபடியும் இருக்கிறது. அனுப்பியவர் வட்டம் போடவில்லை, பெரிதாக்கவில்லை, இரண்டு படங்களையும் முத்திரையோடு அப்படியே அனுப்பியிருந்தார். வந்த தகவல்களிலேயே ஒழுங்கானது அவருடையது. இரண்டு முத்திரைகளுக்கும் நடுவே அரை நிமிடம் இல்லை. நாற்பது நிமிடத்துக்கு மேல். இணைப்பு அறுந்திருந்த நேரம் அது, நினைவட்டையில் அந்த இரவு ஏற்கெனவே அழிந்து வேறு இரவு ஏறிவிட்டது.

அங்கே எலி உண்டு, காற்று உண்டு, ஆற்றங்கரைக் கட்டடத்தில் ஈரத்துக்கு உப்பிச் சுருங்கும் பலகை உண்டு. இவற்றில் ஒன்றைக் காரணம் என்று எழுதிக் கோப்பை மூட எனக்கு விருப்பமில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. 'விளக்க முடியாதது' என்ற தலைப்பில் போடச் சொன்னவர்களோடும் உடன்படவில்லை. பார்த்துவிட்டுப் புரியாமல் போனால்தான் அந்தத் தலைப்பு. இங்கே யாரும் எதையும் பார்க்கவில்லை. அந்த வரிக்கு எதிரே 'பதிவு இல்லை' என்று இருக்கிறது.

கேமராவின் கடிகாரம் இப்போது இணைய நேரத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. கீழ்த் தளத்தில் தனிப் பதிவுக் கருவி வைத்து, இணைப்பு அறுந்தாலும் அசல் ஓட்டம் நிற்காதபடி செய்தாயிற்று. எதிர்ச் சுவரில் இரண்டாவது கேமரா வந்துவிட்டது. வில்லைக்கு முன்னால் மிதக்கும் தூசி ஒன்றில்தான் தெரியும், அறையில் நிற்பது இரண்டிலும் தெரிய வேண்டும். சுளகை எடுத்து அதே தூணில் அதே சாய்வில் வைத்திருக்கிறோம், அடியில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு.